இத்தாலியத் தக்காளி சாஸ்: வாணலியில் என்னதான் நடக்கிறது?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். வேலைக்காக வெளியூர் போய்த் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் புதிதாக எதையாவது சமைத்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

"சித்தி, பாஸ்தாவுக்கு இத்தாலியன் தக்காளி சாஸ் நானே செஞ்சேன். வீடியோல பார்த்த மாதிரியேதான் செஞ்சேன். ஆனா தட்டுல தண்ணி ஒரு பக்கம் நிக்குது, பாஸ்தா ஒரு பக்கம் நிக்குது."

"எப்படிச் செஞ்சே? முதல்ல இருந்து சொல்லு."

"காலையிலேயே தக்காளிய நறுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். சாயங்காலம் குக்கர்ல நாலு விசில். அப்புறம் மிக்ஸில அடிச்சேன். புளிச்சுது, சர்க்கரை போட்டேன். கெட்டியாவே வரல, கடைசில கொஞ்சம் கெட்சப் ஊத்தினேன். கலரும் வெளிறிப் போச்சு."

அவள் மேல் தப்பில்லை. சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். தக்காளிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது தெரிந்துவிட்டால் செய்முறைச் சீட்டே தேவைப்படாது. அன்று போனில் அவளுக்குச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

நம் பேச்சில் "தக்காளி சாஸ்" என்றால் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் பாட்டில் சரக்கு. அதன் சரியான பெயர் கெட்சப். தக்காளி விழுதோடு சர்க்கரையும் வினிகரும் உப்பும் சேர்த்து, மாதக்கணக்கில் கெடாதபடி செய்தது. ஹோட்டல்களில் "ரெட் சாஸ் பாஸ்தா" என்று வருவது இன்னொன்று. கெட்சப், மிளகாய்த் துகள், ஓரிகனோ, சீஸ் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். சாப்பிட நன்றாக இருக்கலாம், ஆனால் இத்தாலிய வீட்டு அடுப்பில் ஏறுவது அது இல்லை.

இத்தாலியிலும் ஒரு பெயருக்குள் எல்லாவற்றையும் அடைப்பதில்லை. தக்காளியை எண்ணெயும் உப்பும் சேர்த்துச் சுண்டவைத்தால் அது சூகோ. வெங்காயம், பூண்டு, செலரித் தண்டு போன்றவற்றைப் பொடியாக அரிந்து சேர்த்து வேகவைப்பது சால்சா. 1891-ல் வெளிவந்து இன்றுவரை இத்தாலிய வீடுகளில் புழங்கும் பெல்லக்ரீனோ அர்தூசியின் சமையல் நூல் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. சூகோ எளிமையாக, தக்காளியால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைய பேச்சு வழக்கில் இரண்டு பெயரும் கலந்துதான் வருகின்றன. மூன்றாவது ராகூ, அதாவது இறைச்சி சேர்ந்த குழம்பு. நேப்பிள்ஸ் நகரத்து ஞாயிற்றுக்கிழமை ராகூ பெரிய இறைச்சித் துண்டுகளோடு மணிக்கணக்கில் மெல்லக் கொதிக்கும். கடினமான இறைச்சி இளகுவதற்கு அந்த நேரம் தேவை. "பாரம்பரிய சாஸ் என்றால் நாள் முழுக்க அடுப்பில் கிடக்க வேண்டும்" என்று பலரும் சொல்வது ராகூவுக்குப் பொருந்தும். அது எப்படியோ தக்காளிச் சூகோவின் தலையிலும் ஏறிவிட்டது.

பாரம்பரியம் என்ற சொல்லையும் கொஞ்சம் அளந்துதான் சொல்ல வேண்டும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஸ்பெயின்காரர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா வந்தது. 1554-ல் பியெத்ரோ மத்தியோலி என்ற மருத்துவர் அதைத் "தங்க ஆப்பிள்" என்ற பொருளில் குறித்தார். இன்றும் இத்தாலியில் தக்காளிக்குப் பெயர் பொமொடோரோதான், அதே தங்க ஆப்பிள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிவைத்த தக்காளிச் சாஸில் மிளகாயும் வினிகரும் இருந்தன. அதற்கு அவர் இட்ட பெயரே "ஸ்பானிய முறை". பாஸ்தாவோடு தக்காளி சேர்வதை நேப்பிள்ஸ் பிரபு இப்போலித்தோ கவல்காந்தி எழுதியது 1830-களில். அங்கே பாஸ்தாவுக்கு வயது பல நூற்றாண்டு. தக்காளி அதோடு வந்து சேர்ந்து இருநூறு ஆண்டு சொச்சம்தான் ஆகிறது.

சுருக்கமாக: கெட்சப் வேறு, ராகூ வேறு. இந்தக் கட்டுரை சூகோவைப் பற்றியது. தக்காளி, எண்ணெய், பூண்டு, உப்பு, ஒரு கைப்பிடி இலை. அரை மணி நேர வேலை.

தண்ணீர்க் கணக்கு

ஒரு கிலோ தக்காளியில் ஏறத்தாழ 940 கிராம் தண்ணீர். இனிப்பு, புளிப்பு, நிறம், மணம், நார் எல்லாமே மீதி 60 கிராமுக்குள் அடக்கம். சூகோ செய்வது என்றால் அந்தத் தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதியை வெளியே அனுப்புவது. ஒரு கிலோ போட்டால் அரைக் கிலோ மிஞ்சும்.

தொக்கு செய்யத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. தொக்கில் தண்ணீர் அற்றுப்போகும்வரை சுண்டவிடுகிறோம். ரசத்தில் சுண்டவிடுவதே இல்லை. சூகோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொக்குப் பதத்துக்குப் போய்விட்டால் பாஸ்தாவின் மேல் அப்பிக்கொள்ளும். ரசப் பதத்தில் விட்டால் தட்டில் ஓடும்.

தண்ணீர் ஆவியாகப் போவது மேற்பரப்பு வழியாக மட்டுமே. ஈர வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. அதையே நாலாக மடித்துப் போட்டால் சாயங்காலமும் ஈரம்தான். வேட்டியும் அதே, வெயிலும் அதே, விரிப்புதான் வேறு. ஆழமான பாத்திரம் மடித்த வேட்டி, அகலமான வாணலி விரித்த வேட்டி. ஒரு கிலோ தக்காளி 28 சென்டிமீட்டர் அகல வாணலியில் 20, 25 நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும். குறுகலான குண்டாவில் அதே அளவு ஒரு மணி நேரம் இழுக்கும்.

இழுத்தால் என்ன, நமக்குத்தான் நேரம் இருக்கிறதே என்று கேட்கலாம். மணம் போய்விடும் என்பதுதான் பதில். தக்காளியை நறுக்கியதும் மூக்கில் ஏறும் பச்சை வாசம் இருக்கிறதே, அந்த மணப்பொருள்கள் மிக எளிதில் ஆவியாகக்கூடியவை. தண்ணீர் வெளியேறும் அதே வாசல் வழியாக அவையும் வெளியேறும். தண்ணீர் போக வேண்டும், மணம் முடிந்தவரை மிஞ்ச வேண்டும். ஆகவே நேரம் குறையக் குறைய நல்லது. மணிக்கணக்கில் கொதித்த தக்காளிக்கு இன்னொரு சுவை வந்துவிடும். கொஞ்சம் இனிப்பு கூடி, கனத்து, ஆழமாக இருக்கும். ராகூவில் அதுதான் வேண்டியது. சூகோவில் தேடுவது தோட்டத்து வாசத்தை.

இப்போது குக்கர் விஷயம் தானாகவே விளங்கும். குக்கர் மூடிய பாத்திரம். நாலு விசிலில் தக்காளி குழைந்துவிடும், ஆனால் தக்காளியின் தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். அக்கா மகள் செய்தது வெந்த தக்காளிச் சாறு. அதைக் கெட்டியாக்கக் கெட்சப்பைத் தேட வேண்டியதாயிற்று. அவளிடம் அகலமான வாணலி ஒன்று இருந்திருந்தால் கெட்சப் பாட்டிலைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

வெட்டினால் தக்காளிக்குள் மூன்று சங்கதி

தக்காளியைக் குறுக்கே வெட்டிக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளியே தோல். அதையொட்டிச் சதை. நடுவே அறை அறையாக, விதையைச் சுற்றி வழவழவென்ற கூழ்.

தோல் எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. சுருண்டு ஊசி போல ஆகி வாயில் தட்டுப்படும். எனவே எடுத்துவிடுகிறார்கள். சதை சாஸுக்கு உடம்பு தருகிறது. அந்தக் கூழைத்தான் பலர் "தண்ணியா இருக்கு" என்று வழித்துக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனம் பதைக்கும் இடம் இது. தக்காளியின் புளிப்பும், அதைவிட முக்கியமாக அதன் குளுட்டமேட்டும் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம். குளுட்டமேட் என்பது நாக்கில் "நிறைவான ருசி" என்ற உணர்வைத் தரும் பொருள். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். நன்றாகப் பழுத்த தக்காளியிலும், முற்றிய பார்மிஜானோ சீஸிலும் அது நிறைய உண்டு. இந்த இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஏன் அப்படி ருசிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். விதை உறுத்தினால் கூழை வடிகட்டியில் தேய்த்துச் சாற்றை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் இதற்கென்று பேர்போன ரகம் சான் மர்ட்ஸானோ. நேப்பிள்ஸுக்கும் சலேர்னோவுக்கும் இடையில், வெசூவியஸ் எரிமலையை அடுத்த சமவெளியில் விளைகிறது. நீள வாக்கு, தடித்த சதை, குறைந்த விதை, எளிதாக உரியும் தோல். 1996 முதல் அந்தப் பகுதியில் விளைந்ததற்கு மட்டுமே ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு முத்திரை உண்டு. அங்கேயும் ஆண்டு முழுவதும் நல்ல தக்காளி கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் பாதுகாக்கப்பட்ட தக்காளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தோலுரித்து முழுதாக டின்னில் அடைத்தது பெலாத்தி. தோலும் விதையும் நீக்கி அரித்து பாட்டிலில் அடைத்தது பஸ்ஸாத்தா. டின் தக்காளி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். காயாகப் பறித்துக் கிடங்கில் சிவக்கவைத்த தக்காளியைவிட, செடியிலேயே பழுத்து உடனே டின்னுக்குள் போனது எத்தனையோ மேல்.

நம் கடைகளில் வாங்குவதென்றால் நீளவாக்கில் கெட்டியாக இருக்கும் பெங்களூர்த் தக்காளி சதைக்கு, நாட்டுத் தக்காளி புளிப்புக்கும் ருசிக்கும். நான் பாதிக்குப் பாதி போடுகிறேன். வாங்கி வந்த அன்றே செய்யாமல், வெளியில் இரண்டு மூன்று நாள் வைத்து, அழுத்தினால் லேசாக இடம் கொடுக்கும்வரை பழுக்கவிடுவேன்.

நறுக்கி வைத்தால் ஏன் நீர்த்துப்போகிறது?

சுவர் எழுப்பும்போது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து வைக்கிறார்கள் அல்லவா? தக்காளியின் செல்கள் செங்கல் என்றால் பெக்டின்தான் சாந்து. பழங்களில் செல்களை ஒட்டவைத்துப் பிடித்திருக்கும் பசை அது. ஜாம் உறைவதும் அதனால்தான். சாஸில் இந்தப் பசை சிதையாமல் இருந்தால் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். சாஸ் வழவழப்பாகக் கெட்டியாக நிற்கும்.

தக்காளிக்குள்ளேயே அந்தப் பசையை அறுக்கும் நொதிகளும் இருக்கின்றன. நொதி என்றால் உயிர்ப்பொருளுக்குள் ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். இட்லி மாவு புளிப்பது, பப்பாளிக் காய் போட்டால் கறி சீக்கிரம் வேகுவது எல்லாவற்றுக்கும் பின்னால் நொதிகளின் வேலை உண்டு. முழுத் தக்காளியில் இவை கட்டுக்குள் கிடக்கின்றன. கத்தி பட்டுச் செல்கள் உடைந்ததும் நொதியும் பெக்டினும் கலக்கின்றன. அந்த நிமிடத்திலிருந்தே பசை அறுபடத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜின் குளிர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. காலையில் நறுக்கிய தக்காளி சாயங்காலம் அடுப்பேறும்போது சாந்து உதிர்ந்த சுவர். எவ்வளவு சுண்டவைத்தாலும் தட்டில் ஊற்றியதும் ஓரத்தில் வெளிறிய தண்ணீர் வளையம் கட்டும்.

மருந்து எளிது. நொதி சூட்டுக்குத் தாங்காது. 85 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அதன் கதை முடிந்தது. எனவே உடைத்த தக்காளி எவ்வளவு சீக்கிரம் கொதிக்கிறதோ அவ்வளவு நல்லது. தக்காளி விழுது செய்யும் ஆலைகளிலும் கெட்டிப் பதம் வேண்டும்போது, நசுக்கிய கையோடு சூடேற்றிவிடுகிறார்கள். வீட்டில் செய்ய வேண்டியது: வாணலி காய்ந்த பிறகே தக்காளியைத் தொடுவது. முதலில் நாலைந்தைப் பிசைந்து போட்டு, அது கொதி வந்ததும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. கொதி அடங்கவே கூடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அகலமான வாணலி, நல்ல தீ, மூடி வேண்டாம். நறுக்கிக் காத்திருக்கவும் வேண்டாம். கூழைக் கொட்டாதீர்கள்.

புளிப்பும் சர்க்கரையும்

"நன்றாகக் கொதித்தால் புளிப்பு போய்விடும்" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. தக்காளிப் புளிப்பின் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதுதான். அது ஆவியாவதில்லை. தண்ணீர் குறையக் குறைய ஒரு கரண்டி சாஸில் புளிப்பு கூடத்தான் செய்யும். கூடவே இனிப்பும் உப்பும் குளுட்டமேட்டும் செறிவாகின்றன; அதனால் நாக்குக்குச் சமனாகத் தெரிகிறது.

சர்க்கரை போட்டாலும் அமிலம் அப்படியேதான் இருக்கும். புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுகிறோமே, அதே தந்திரம். புளி போகவில்லை, வெல்லம் அதன் முனையை மழுக்குகிறது. இத்தாலியிலும் தக்காளி சரியாகப் பழுக்காத நாளில் ஒரு சிட்டிகை போடும் வீடுகள் உண்டு. வெங்காயமோ கேரட்டோ சேர்ப்பதிலும் அதே நோக்கம் கலந்திருக்கிறது. பழுத்த தக்காளிக்கு எதுவும் வேண்டியதில்லை. சமையல் சோடா மட்டும் உண்மையாகவே அமிலத்தை முறிக்கும். போட்டதும் நுரைப்பது அதனால்தான். ஆனால் கை சற்றுத் தாராளமானால் சோப்பு வாடை வந்துவிடும். நான் போடுவதில்லை.

எண்ணெயும் பூண்டும்

எண்ணெய் வெறும் ஒட்டாமலிருக்க ஊற்றுவது என்று நினைத்துக்கொண்டு ஒரு டீஸ்பூனோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கிலோ தக்காளிக்கு நாலு மேசைக்கரண்டியாவது வேண்டும். பூண்டின் மணம் எண்ணெயில் இறங்கி, எண்ணெய் வழியாகத்தான் சாஸ் முழுக்கப் பரவுகிறது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனும் எண்ணெயில் கரைவது. வாணலி ஓரத்தில் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகத் தெரிவது அது கரைந்து வருவதால்தான். எண்ணெயோடு வெந்த தக்காளியிலிருந்து உடம்பு லைகோபீனை எளிதாக எடுத்துக்கொள்கிறது என்பது கூடுதல் நன்மை.

ஆலிவ் எண்ணெய்க்கு இங்கே சுவை வேலையும் உண்டு, அதனால் முடிந்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தம் வாசத்தால் தக்காளியை அமுக்கிவிடும்.

பூண்டை நாம் தாளிப்பில் போடும் வழக்கம் வேறு. காய்ந்த எண்ணெயில் சுரீரென்று போடுவோம். இங்கே ஆறிய எண்ணெயிலேயே தட்டிய பூண்டைப் போட்டு, சிறு தீயில் இரண்டையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு பல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். அறை முழுக்க வாசம் வரும்போது பூண்டு இன்னும் வெள்ளையாகவே இருக்கும். விளிம்பு மட்டும் வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் தக்காளியைப் போட்டுவிட வேண்டும். பழுப்பேறினால் கசப்பு. அந்தக் கசப்பு எண்ணெயில் இறங்கிவிட்டால் மீட்க வழியில்லை. எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

அடுப்பில்

நாலு பேருக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ தக்காளியின் அடியில் கத்தியால் சின்னதாகக் கூட்டல் குறி போட்டு, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். தோல் தானே சுருண்டு கழன்றுவிடும். எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய அகல வாணலியை எடுங்கள். இரும்பும் இண்டாலியமும் புளிப்போடு சேர்ந்தால் உலோக வாடை அடிக்கும்.

நாலு மேசைக்கரண்டி எண்ணெய், தட்டிய பூண்டு மூன்று பல். மேலே சொன்னபடி சூடேறட்டும். தக்காளியை வாணலிக்கு மேலே பிடித்துக் கையாலேயே பிசைந்து போடுங்கள் (விரல்களை மூடிப் பிசையுங்கள், இல்லாவிட்டால் சாறு சட்டையில் தெறிக்கும்). ஒரு டீஸ்பூன் உப்பு. தீ நடுத்தரத்துக்குச் சற்று மேல். பத்து நிமிடம் சளசளவென்று கொதிக்கும். பிறகு குமிழிகள் பெரிதாகி, சத்தம் கனத்து, மெல்லத் தெறிக்கத் தொடங்கும். அப்போது தீயைக் குறைத்துவிட்டு மரக்கரண்டியால் அடிக்கடி கிளறுங்கள்.

பதம் பார்க்க இரண்டு வழி. கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு விநாடி நின்று பிறகு மெல்ல மூடிக்கொண்டால் சரி. அல்லது ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். அதைச் சுற்றித் தண்ணீர் கசியக் கூடாது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக மினுக்கும். நம் குழம்புக்குப் பார்க்கும் அதே அடையாளம்.

கட்டி தட்டினால் மத்தால் மசித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி வேண்டாம். அது காற்றை உள்ளே அடித்துச் சேர்த்துவிடும். நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்தால் சிவப்பு வெளிறிச் செம்மஞ்சளாகத் தெரியும். விதைகளும் அரைபட்டுக் கசப்பு கூடும். அக்கா மகளின் சாஸ் நிறம் போனது இதனால்தான்.

வடிகஞ்சியின் வேலை

இத்தனை செய்தும் பலர் கோட்டை விடுவது கடைசி மூன்று நிமிடத்தில். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து, வடிகட்டி, தட்டில் போட்டு, மேலே சாஸை ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் நல்ல சாஸும் வழுக்கிக் கீழே இறங்கும்.

எண்ணெய் பிரிந்த நிலையில் நம் குழம்பு முடிந்தது. இத்தாலிக்காரர் அதற்குமேல் ஒரு படி போகிறார்கள். பிரிந்த எண்ணெயைத் திரும்பச் சேர்க்கிறார்கள். அதற்குத் துணை, பாஸ்தா வெந்த தண்ணீர். சோறு வடித்த கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும். அரிசியிலிருந்து மாவுச்சத்து தண்ணீரில் இறங்கியிருப்பதால் அந்தப் பிசுபிசுப்பு. பாஸ்தாத் தண்ணீரும் அதே வடிகஞ்சிதான். எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. வேகமாகக் கிளறினால் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக உடையும், கிளறுவதை நிறுத்தினால் திரும்ப ஒன்றுகூடிவிடும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து தண்ணீரைக் கனக்கவைத்து, அந்தத் துளிகள் ஒன்றுகூடவிடாமல் தடுக்கிறது. இப்படி எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீரில் பரவி நிற்கும் கலவைக்குப் பால்மம் என்று பெயர். பாலே அப்படிப்பட்டதுதான், அதனால் அந்தப் பெயர். பால்மமான சாஸ் பாஸ்தாவின் மேல் மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்கு இத்தாலியில் சொல்லும் கணக்கு மனதில் நிற்கும்படி இருக்கும்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்துவிடுங்கள். கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். நேராகச் சாஸ் வாணலிக்கு மாற்றி, ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விட்டு, நல்ல தீயில் குலுக்கிக் குலுக்கிக் கிளறுங்கள். முதல் அரை நிமிடம் தண்ணீராகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். கிளறக் கிளற ஓரத்து எண்ணெய் வளையம் மறையும். சாஸ் பளபளத்துத் திரளும். பாஸ்தாவின் வெளிறிய மஞ்சள் தக்காளி நிறமேறும். மீதி வேகாடு சாஸுக்குள்ளேயே நடந்துவிடும். கடித்தால் பல்லுக்கு லேசாகத் தட்டுப்படும் அந்தப் பதத்தை அல் தெந்தே, "பல்லுக்கு" என்கிறார்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் சுற்றிலும் விட்டு ஒரு கிளறு.

இலை எது, பொடி எது

எல்லா இத்தாலிய உணவிலும் ஓரிகனோ தூவ வேண்டும் என்ற எண்ணம் பாக்கெட்டுகளால் வந்தது. ஓரிகனோவுக்கென்று இடம் உண்டு. தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்ஸாவில் அது இல்லாமல் முடியாது. எளிய சூகோவுக்கு இலை பேசில்தான். அதைக் கையால் கிள்ளி, அடுப்பை அணைக்கும்போது போட வேண்டும். முன்னாலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

பேசிலுக்கு பதில் துளசி போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். துளசி வேறு இனம், கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கும். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான் பேசிலின் சொந்தச் சகோதரி. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். சப்ஜா விதை தரும் செடி அதுதான். சில வகைகளில் சோம்பு வாசம் அடிக்கும், எனவே இரண்டு மூன்று இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரம் வேண்டுமானால் கரம் மசாலாவைத் தேட வேண்டாம். பூண்டோடு ஒரு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் ரோம் நகரைச் சுற்றிய லாட்ஸியோ வட்டாரத்து அர்ராபியாத்தா கிடைத்துவிடும். "கோபக்காரி" என்று பொருள். அதுவும் முழுக்க முழுக்க இத்தாலியப் பாரம்பரியமே.

மிஞ்சினால்

தென்னித்தாலியில் ஆகஸ்ட் மாதம் வந்தால் குடும்பமே முற்றத்தில் கூடித் தக்காளியை மூட்டை மூட்டையாக அரித்து பாட்டிலில் நிரப்பும். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பேசில் இலை. பிறகு பெரிய இரும்பு டிரம்மில் பாட்டில்களை அடுக்கி, மோதி உடையாமலிருக்க நடுநடுவே பழைய துணியைச் செருகி, தண்ணீர் நிரப்பி விறகடுப்பில் கொதிக்கவைப்பார்கள். நம் வீடுகளில் கோடையில் வடகம் பிழிந்து வருஷத்துக்கு வைத்துக்கொள்வது போல. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் முதல்முறை செய்பவர் அதில் இறங்க வேண்டாம். காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளரும் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமிக்கு அமிலம்தான் தடை. தக்காளியின் அமிலம் அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பது. ரகத்துக்கு ரகம் மாறும். பூண்டும் எண்ணெயும் சேர்ந்த சாஸை மூடி வெளியில் வைப்பது இன்னும் ஆபத்து.

ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். ஃப்ரீசரில் மூன்று மாதம். நான் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைக்கிறேன். பிளாஸ்டிக் டப்பா என்றால் லைகோபீன் எண்ணெயோடு அதில் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத ஆரஞ்சுக் கறையாக நின்றுவிடும். கண்ணாடி டப்பாவில், உறையும்போது விரிய மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள்.

அக்கா மகள் அடுத்த ஞாயிறு அகல வாணலி வாங்கிச் செய்தாள். படம் எதுவும் அனுப்பவில்லை. "சித்தி, வாணலிய பிரெட்டால தொடச்சுத் தின்னுட்டேன்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. அதற்கும் இத்தாலியில் பெயர் உண்டு, ஸ்கார்பெத்தா.